தராசில் ஏறிய புத்தகம்

சென்ற திருவருகைக் காலத்தில் ஒருநாள் மாலை, சமயநல்லூரில் இல்லங்களைச் சந்திக்கச் சென்றிருந்தோம். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வீடுகளை வெள்ளையடித்துத் துப்புரவு செய்யும் நாட்கள் அவை. ஒரு வீட்டின் முன் பழைய தாள் வாங்கும் வணிகர் ஒருவர் தம் மிதிவண்டியை நிறுத்திவிட்டுத் தராசைத் தூக்கிப் பிடித்திருந்தார். ஒரு தட்டில் எடைக்கல். மறு தட்டில் நாளிதழ்களும் பள்ளிப் பாடநூல்களும் அடுக்கியிருந்தன. அந்த அடுக்கின் உச்சியில், அட்டையிழந்து முதுகுத் தையல் தெரியும்படியாகத் தடித்த புத்தகம் ஒன்று கிடந்தது.

குனிந்து அதை எடுத்துப் பார்த்தோம். பழைய செபப் புத்தகம். பழுப்பேறிய தாள், ஓரங்களில் இராமபாணப் பூச்சி துளைத்த சிறு துளைகள், பக்கங்களின் கீழ்மூலையில், விரல் பட்டுப் பட்டு ஏறிய கருமை. முதற்பக்கம் கிழிந்துபோயிருந்தமையால் எந்த அச்சகத்தில், எந்த ஆண்டில் அச்சாயிற்று என்று அறிய வழியில்லை. ஆனால் உள்ளட்டையில் மைக்கூட்டு மையால் வரிசையாக ஏழு பெயர்களும், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பிறந்த நாளும் ஞானஸ்நானம் பெற்ற நாளும் எழுதப்பட்டிருந்தன. மூன்று பெயர்களின் பக்கத்தில் மட்டும் சிறு சிலுவைக் குறி.

"அது எதுக்கும் ஆகாது சாமி, தாளெல்லாம் உதிருது" என்றார் அவ்வீட்டு இளைஞர்.

உள்ளேயிருந்து அவருடைய பாட்டியின் குரல் வந்தது: "யாரு, சாமியா? தோத்திரம் சாமி. எங்க அய்யா புத்தகத்தையா எடுத்திருக்கீக?"

தராசுத் தட்டு அசைவற்று நின்றது. அன்று அந்த வாசலில் நம் உள்ளத்தில் எழுந்த எண்ணங்களையே இங்கு நம் குடும்பங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம்.

பழைய நூலின் ஈர்ப்பு

பழைய நூல்களைத் தேடிச் சேர்ப்போரை உலகம் சற்றே வேடிக்கையாகப் பார்ப்பதுண்டு. 'புத்தகப் பைத்தியம்' என்பது அவர்களுக்கு இட்ட பெயர். நமக்கும் அப்பெயர் அந்நியமன்று. குருமட மாணவராக இருந்த நாளில், விடுமுறை கிடைத்தால் மீனாட்சியம்மன் கோவிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே உள்ள புதுமண்டபத்துக்கு நடந்து செல்வோம். அந்நாளில் அங்கே பாத்திரக் கடைகளுக்கும் தையற்காரர்களுக்கும் நடுவே புத்தகக் கடைகளும் இருந்தன. கையில் இருந்ததோ பேருந்துக் கட்டணம் மட்டுமே. அதையும் கொடுத்துவிட்டு, வாங்கிய நூலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தே திரும்பிய நாட்களும் உண்டு. இன்று நம் அறையில் இரண்டு அலமாரிகள் நிறைந்து, மூன்றாவது அலமாரிக்கு இடம் கேட்டுக்கொண்டிருக்கின்றன. அறையைப் பெருக்கவரும் அம்மாளின் முறையீட்டை நாள்தோறும் கேட்டு வருகின்றோம்.

இந்த ஈர்ப்பு எங்கிருந்து வருகிறது? அதே வாசகம் புதிய பதிப்பில் தெளிவான எழுத்தில் கிடைக்கும்போது, உதிரும் தாளில் ஏன் அதைத் தேடவேண்டும்?

முதலாவது காரணம், நூல் தன்னைச் செய்த காலத்தைத் தன் உடலிலேயே தாங்கி நிற்கிறது. ஒரு பழைய தமிழ் நூலைக் கையிலெடுத்தால், அதில் ஆண்டு தமிழ் எண்களில் அச்சிடப்பட்டிருக்கும். அறுபதாண்டுச் சுற்றில் வரும் வருடப் பெயரும் அதனுடன் இருக்கும். நம் திருச்சபை நூலாயின் ஆயரின் அனுமதி முதற்பக்கத்தின் பின்புறத்தில் காணப்படும். மிகப் பழைய அச்சு நூல்களில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடும் இராது. அவ்வேறுபாட்டைத் தெளிவாக்கும் எழுத்து முறையை நமக்குத் தந்தவர் வீரமாமுனிவர் என்பதை யாவரும் அறிவர். 1978ஆம் ஆண்டில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பின்பு, 'லை', 'னை' போன்ற எழுத்துகளின் முன்னே வளைந்து நின்ற 'யானைத் தும்பிக்கை'யும் பாடநூல்களிலிருந்து மறைந்தது. அதற்கு முன் அச்சான நூலைக் கையில் கொடுத்தால், இன்றைய பள்ளிப் பிள்ளை தும்பிக்கையைக் கண்டு திகைக்கிறது. ஒரே நூலில் எழுத்தின் வரலாறும் சேர்ந்தே கிடைத்துவிடுகிறது.

இரண்டாவது காரணம் சொற்கள். சர்வேசுரன், இஸ்பிரீத்துசாந்து, அர்ச்சியசிஷ்டர், பாவசங்கீர்த்தனம், உத்தரிக்கிற ஸ்தலம், பிரியதத்தம் என நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் செபித்த சொற்கள் பல இன்று வழக்கிழந்துவிட்டன. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின்பு வழிபாட்டு மொழி எளிமையும் தூய்மையும் பெற்றது, அது நன்மையே. அதற்காகப் பழைய சொற்களைப் பழிக்கவேண்டியதில்லை. அவற்றில் போர்த்துக்கீசியமும் வடமொழியும் தமிழும் கைகோத்து நிற்கின்றன. விசுவாசம் எவ்வழியாக நம் ஊருக்கு வந்தது என்பதற்கு அச்சொற்களே சாட்சி.

மூன்றாவது காரணமே எல்லாவற்றிலும் ஆழமானது. பழைய நூல் ஒருபோதும் தனியே வருவதில்லை. அதைப் பிடித்திருந்த கைகளையும் உடன் கொண்டுவருகிறது. சமயநல்லூர் வாசலில் நாம் கண்ட அந்தப் பக்கமூலைக் கருமை எத்தனை ஆண்டு மாலை செபத்தின் தடம்! அந்தத் தடம் எந்தப் புதிய பதிப்பிலும் அச்சாகாது.

மதுரையில் கிடைக்காத நூல்

தமிழ் வளர்த்த ஊர் என்று நாம் பெருமை பேசும் மதுரையில் 1901ஆம் ஆண்டு நடந்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. சொற்பொழிவாற்ற வந்த பாண்டித்துரைத் தேவர், முன்னேற்பாட்டுக்காகக் கம்பராமாயணமும் திருக்குறளும் வேண்டுமெனக் கேட்டார். நகரில் தேடியும் எளிதில் கிடைக்கவில்லையாம். சங்கம் இருந்த ஊரில் குறளுக்குப் பஞ்சமா என்று அவர் உள்ளம் நொந்தார். அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் அவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் கல்லூரியோடு நூல் நிலையமும் இடம்பெற்றது. ஒரு நூல் கையில் கிடைக்காத வருத்தம் ஒரு நிறுவனமாகவே மலர்ந்தது எனலாம்.

அதற்கும் முன்னரே, ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தவர் உ. வே. சாமிநாதையர். 1880ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் என்னும் முன்சீப்பு அவரிடம் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா எனக் கேட்டார். அந்தக் கேள்வியே அவரது வாழ்வின் திசையை மாற்றிற்று. ஏழாண்டு உழைப்பின் பின், 1887இல் அந்நூல் அச்சேறியது. அவர் சென்ற இடங்களில் கேட்ட செய்திகளோ நெஞ்சை உருக்குவன. சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டதாக ஓரிடத்தில் கூறினர். ஆடிப்பெருக்கு வெள்ளத்தில் விட்டதாக வேறிடத்தில் கூறினர். இவற்றைச் செய்தவர்கள் கொடியவர்கள் அல்லர். பழையதை மரியாதையுடன் வழியனுப்புவதாகவே அவர்கள் எண்ணினார்கள். ஒரு நூல் அழிவதற்குப் பகைவன் தேவையில்லை, அறியாமையே போதும் என்பதை இதனால் உணர்கின்றோம்.

நம் காலத்துக்கு அண்மையில் வாழ்ந்த மற்றொருவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. காரைக்குடியை அடுத்த அவ்வூரில், பெயர்ப்பலகை எழுதும் ஓவியராகத் தொழில் செய்தவர் அவர். செல்வர் அல்லர், பேராசிரியரும் அல்லர். ஆனால் பழைய நூல்கள் எங்கே விலைக்கு வந்தாலும் தேடிச் சென்று வாங்கினார். இதழ்கள், நாடக விளம்பரத் தாள்கள், பாட்டுப் புத்தகங்கள், திருமண அழைப்பிதழ்கள் என, எல்லோரும் எறிந்துவிடும் தாள்களையும் சேர்த்தார். ஆய்வு செய்வோர் எழுதிக் கேட்டால் தம் சேமிப்பிலிருந்து செய்தி எடுத்து உதவினார். 1992இல் அவர் மறைந்தபோது அந்த இல்லத்தில் ஏறக்குறைய ஓர் இலட்சம் நூல்களும் தாள்களும் இருந்தன. 1994இல் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கிற்று. எனினும் தமிழ்நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்லாமல் சென்னையிலேயே ஆய்வு நூலகமாக அமையச் செய்தது. இன்று தமிழ் வரலாறு எழுதுவோர் பலரும் அதன் வாசற்படியை மிதிக்கின்றனர். திருமண அழைப்பிதழைக்கூட எறியாமல் வைத்த ஓர் ஓவியரின் பிடிவாதம் அங்கே பயன் தந்துகொண்டிருக்கிறது.

நம் திருச்சபை இழந்து கண்டடைந்தது

இவ்வாறு நூலை இழப்பதும் தேடிக் கண்டடைவதும் நம் திருச்சபையின் வரலாற்றிலும் நடந்திருக்கின்றன.

இந்திய மொழிகளுள் முதன்முதலாக அச்சு எழுத்தைக் கண்டது தமிழ். அதற்குக் காரணமானவர் சேசு சபைக் குருவான அண்டிரிக் அடிகளார். முத்துக்குளித்துறையில் அரை நூற்றாண்டுக் காலம் பணியாற்றி, 1600ஆம் ஆண்டில் புன்னைக்காயலில் மறைந்தவர். அவர் தமிழாக்கிய 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறு மறைக்கல்வி நூல், 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. பதினாறே பக்கங்கள். மறு ஆண்டில் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' வெளிவந்தது. 1586இல் புனிதர்களின் வாழ்க்கையைக் கூறும் 'அடியார் வரலாறு' என்னும் பெருநூலும் அச்சாயிற்று. இப்பணிக்கு வேண்டிய பொருளைக் கொடுத்தவர்கள் கடலில் மூழ்கி முத்தெடுத்த கடற்கரை மக்கள். மூச்சையடக்கிச் சம்பாதித்த காசைப் புத்தகத்துக்குக் கொடுத்த அம்மக்களைத் தமிழ் நூலுலகம் என்றும் மறக்கலாகாது.

அப்படிப் பிறந்த நூல்களின் படிகள் நம் நாட்டில் எங்கே இருந்தன? கோவிலிலும் வீட்டிலும் கைமாறிக் கைமாறி, வெயிலிலும் உப்புக்காற்றிலும் கரையானிலும் அழிந்தொழிந்தன. நம்மவர் அவற்றின் பெயரையே மறந்தனர். 1950களில் ஈழத்தைச் சேர்ந்த தமிழ்க் குருவானவர், தூத்துக்குடி மறைமாவட்டத்தில் பணியாற்றிய தனிநாயகம் அடிகளார், மேலைநாட்டு நூலகங்களில் அவற்றைத் தேடிச் சென்றார். 'அடியார் வரலாறு' வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. 'தம்பிரான் வணக்கம்' கடல் கடந்து அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்தது. இந்த முதல் அச்சு நூல்களைப் பற்றி 1958இல் அவர் எழுதிய கட்டுரை தமிழறிஞரிடையே விழிப்பை உண்டாக்கிற்று. 1679இல் அம்பலக்காட்டில் அச்சான புரோயென்சா அடிகளாரின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியை 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளியிட்டவரும் அவரே. மறு ஆண்டில் சேசு சபையைச் சேர்ந்த இராசமாணிக்கம் அடிகளார் 'அடியார் வரலாற்றை'ப் பதிப்பித்துத் தமிழ் மக்களின் கையில் மீண்டும் கொடுத்தார். ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் காணாமற்போன பிள்ளை வீடு திரும்பியது போலன்றோ இது!

இங்கு ஓர் உண்மையைக் கூச்சத்தோடு ஒப்புக்கொள்ளவேண்டும். அந்நூல்களை ஆக்கியவர்கள் நம் முன்னோர்; வாசித்தவர்கள் நம் முன்னோர். அவற்றைக் காத்தவர்களோ, அதில் ஓர் எழுத்தையும் படிக்கத் தெரியாத தொலைநாட்டு நூலகத்தார். படிக்கத் தெரியாத நூலையும் எறியாமல் வைத்த அவர்களின் பொறுமைக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

தீயும் தராசும்

நூல்கள் பகையாலும் அழிகின்றன. 1981ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீயிட்டுக் கொளுத்தப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. அருகிலிருந்த புனித பத்திரிசியார் கல்லூரியின் மேல்மாடியிலிருந்து அந்தத் தீயைக் கண்டவர் தாவீது அடிகள் என்னும் பன்மொழிப் புலவர். கண்ட அதிர்ச்சியிலேயே அவர் உயிர் நீத்தார். ஒரு நூலகத்தின் மரணத்தைத் தாங்காமல் ஒரு குரு மாண்டார் என்று இந்நிகழ்ச்சியை நினைக்கும்போதெல்லாம் நம் தலை தாழ்கிறது.

தலை தாழ்வதற்கு மற்றொரு காரணமும் உண்டு. நூலை அழித்த குற்றம் நம் கையிலும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இக்கட்டுரையை எழுதும் உரிமை நமக்கில்லை.

குருப்பட்டம் பெற்ற இரண்டாம் ஆண்டு. ஒரு பழைய பங்கில் உதவிக் குருவாக இருந்தோம். ஊரின் பெயர் வேண்டாம். திருவிழாவுக்கு ஆயர் வருவதை முன்னிட்டுப் பங்கு இல்லத்தைச் சீர்ப்படுத்தும் பொறுப்பு நம்மிடம் வந்தது. மாடிப்படியின் அடியில் ஒரு மர அலமாரி. உள்ளே இலத்தீன் பூசைப் புத்தகங்கள், 'சர்வவியாபி', 'திரு இருதயத் தூதன்' ஆகிய இதழ்களின் கட்டுகள், அட்டை பிய்ந்த ஞானோபதேச நூல்கள். தூசியும் கரப்பான் எச்சமும் மண்டிக்கிடந்தன. இளம் வயது, புதிய உற்சாகம். 'இனி யார் இலத்தீன் படிக்கப்போகிறார்கள்?' என்று ஒரே சொல்லில் தீர்ப்பு வழங்கினோம். பிற்பகலுக்குள் அனைத்தும் தராசில் ஏறி இறங்கிப் போயின. வந்த காசில் இளைஞர் மன்றத்துக்கு ஒரு கேரம் பலகை வாங்கினோம். பங்கு மக்களும் பாராட்டினார்கள்.

திருவிழா முடிந்து இரண்டு வாரங்கள் சென்றபின், ஓய்வுபெற்ற முதிய உபதேசியார் ஒருவர் கோலூன்றி வந்தார். மாடிப்படியின் அடியில் நின்று, அலமாரி இருந்த இடத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "சாமி, தடிமனா ஒரு ஞானோபதேசப் புத்தகம் இருக்கும். கடைசியில வெத்துத் தாள் நாலஞ்சு. அதுல எங்க தாத்தா கையெழுத்து இருக்கும். கண்ணு மங்குறதுக்குள்ள அதை நகலெடுத்துக்கலாம்னு வந்தேன்."

விவரத்தை மெல்லக் கேட்டறிந்தோம். அவருடைய தாத்தாவும் உபதேசியாரே. ஓர் ஆண்டில் அந்த ஊரில் வாந்திபேதி கண்டு மக்கள் கொத்துக் கொத்தாக மாண்டிருக்கிறார்கள். குரு வர இயலாத தொலைவு. சாகும் தறுவாயில் இருந்தவர்களுக்குத் தாத்தாவே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்து, அவரே புதைகுழியும் தோண்டி அடக்கம் செய்திருக்கிறார். அவர்களின் பெயர்களை எழுதிவைக்க அவரிடம் வேறு தாள் இல்லை. கையிலிருந்த ஞானோபதேசப் புத்தகத்தின் வெற்றுத் தாள்களில் எழுதினார். நாற்பதுக்கு மேற்பட்ட பெயர்கள். கோவில் பதிவேட்டில் அவை ஏறவே இல்லை. பேரனான இந்த உபதேசியார், கண்ணொளி இருந்தவரை ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 2ஆம் நாள், இறந்தோர் நினைவு நாளில், கல்லறைத் தோட்டத்தில் நின்று அப்பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து வந்திருக்கிறார்.

அன்று மாலையே அந்த வணிகரைத் தேடி ஓடினோம். மூட்டை மதுரைக்குப் போய்விட்டது. மதுரைக்கும் சென்றோம். பொட்டலம் மடிக்கும் தாளுக்காகப் பலருக்கும் பிரித்து விற்றாகிவிட்டது என்று கிடங்கில் கூறினர். வெறுங்கையோடு திரும்பி உபதேசியாரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தோம். மன்னிப்புக் கேட்கச் சொற்கள் வரவில்லை.

அவர் கடிந்துகொள்ளவில்லை. நீண்ட நேரம் கழித்து, "பதினோரு பேர் பேரு மனசுல நிக்குது சாமி, எழுதிக்கிறீகளா?" என்றார். எழுதிக்கொண்டோம். அவர் இறைவனடி சேர்ந்து ஆண்டுகள் பல ஆகின்றன. எந்தப் பங்கில் இருந்தாலும், நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் தோட்டத்தில் அந்தப் பதினொரு பெயர்களையும் வாசிக்கின்றோம். வாசித்து முடித்தபின் சிறிது நேரம் வாய் திறவாமல் நிற்கின்றோம். அந்த மௌனம் நம்மால் பெயரிழந்த மற்றவர்களுக்காக.

ஒரு கேரம் பலகையின் விலை எவ்வளவு என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

ஆசையும் காவலும்

அன்றுதொட்டுப் பழைய நூல்களின்மேல் நமக்கிருந்த ஆசை, பொறுப்பாகவும் மாறிற்று. எனினும் ஆசைக்கு ஓர் ஆபத்து உண்டு என்பதையும் மறைக்கலாகாது. அரிய நூலைக் கண்டால் அது நம் அலமாரியில் இருக்கவேண்டும் என்று மனம் துடிக்கிறது. பிறர் பொருளை விரும்பலாகாது என்னும் கட்டளையில் புத்தகத்துக்கு விலக்கு இல்லை. இரவல் வாங்கிய நூலைத் திருப்பாமல் இருப்பவர்கள் நம்முள் எத்தனை பேர்? பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொன்னவர் எவரையும் நாம் இதுவரை கண்டதில்லை.

ஆசை வணிகமாக மாறினால் என்ன ஆகும் என்பதற்குத் தஞ்சையில் ஒரு சான்று உண்டு. 1715ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயரின் முயற்சியால் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் படி ஒன்று, சரபோஜி மன்னரின் சேமிப்பில் இருந்து, சரசுவதி மகால் நூலகத்தில் காக்கப்பட்டு வந்தது. 2005இல் அது காணாமற்போயிற்று. 2022இல், தமிழகச் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவினர், அது இலண்டனில் ஒரு சேமிப்பில் இருப்பதைக் கண்டறிந்ததாக அறிவித்தனர். நூலைக் காப்பதற்கென்றே அமைந்த இடத்திலிருந்து ஒரு நூல் களவு போகிறதென்றால், அதன் பின்னே விலை கொடுத்து வாங்கும் கை ஒன்றும் இருக்கவே செய்யும். ஆகையால் பழைய நூல் சேர்ப்போர் ஒவ்வொருவரும் தம்மைக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: 'நான் இதற்கு உடைமைக்காரனா, காவற்காரனா?' காவற்காரன் கேட்போருக்கு நூலைக் காட்டுவான். தனக்குப் பின் அது யாரிடம் போகவேண்டும் என்பதையும் எழுதிவைப்பான்.

புனித பவுலடியார் சிறையிலிருந்து திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் இறுதியில், துரோவாவில் விட்டுவந்த மேலாடையையும் நூற்சுருள்களையும், சிறப்பாகத் தோற்சுருள்களையும் எடுத்துவரச் சொல்கிறார். மரணம் நெருங்கிவிட்டது என்று அறிந்த முதியவர் கேட்ட பொருள்கள் அவை: குளிருக்கு ஒரு போர்வை, உயிருக்குச் சில நூல்கள். அரசர் யோசியாவின் காலத்தில் எருசலேம் கோவிலைப் பழுதுபார்க்கும்போது மறக்கப்பட்ட திருச்சட்ட நூல் கண்டெடுக்கப்பட்டதையும் நாம் அறிவோம். தலைமைக் குரு இல்க்கியா அதைத் தராசில் ஏற்றவில்லை. எடுத்து வாசிக்கக் கொடுத்தார். நாடே மனந்திரும்பிற்று.

இல்லத்தில் செய்யத்தக்கவை

நம் குடும்பங்களுக்குச் சில எளிய வழிகளைக் கூற விரும்புகின்றோம்.

வெள்ளையடிக்கும் முன் பரண்மேல் இருக்கும் டிரங்குப் பெட்டியை நீங்களே திறந்து பாருங்கள். செபப் புத்தகம், ஞானோபதேசம், பழைய இதழ்கள், கையெழுத்து நோட்டுகள், திருமண ஓலை, கல்லறைக் கல்லுக்கு எழுதித் தந்த குறிப்பு ஆகிய எதையும் பக்கம் புரட்டாமல் விலக்காதீர்கள். அச்சை மட்டும் பார்த்தால் போதாது. உள்ளட்டையையும் வெற்றுத் தாள்களையும் பாருங்கள். உங்கள் குடும்பத்தின் வரலாறு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

தாள் உதிர்வதைக் கண்டு அது மிகப் பழையது என்று முடிவுகட்ட வேண்டாம். கந்தல் துணியிலிருந்து செய்த முற்காலத் தாள் முந்நூறு ஆண்டுகள் கடந்தும் உறுதியாக நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய மரக்கூழ்த் தாளிலோ அமிலம் தங்கியிருப்பதால், அது நூறாண்டுக்குள்ளேயே பழுத்து நொறுங்குகிறது. எனவே நம் தாத்தா காலத்து நூல்களே இன்று மிகுந்த ஆபத்தில் உள்ளன.

கிழிந்த பக்கத்தைப் பிசின் நாடாவால் ஒட்டாதீர்கள். சில ஆண்டுகளில் அது மஞ்சள் கறையாகித் தாளையும் தின்றுவிடும். கடும் வெயிலில் காயவைக்காதீர்கள். காற்றோட்டமான நிழலே போதும். நெகிழிப் பையில் இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். தூய பருத்தித் துணியில் சுற்றிவையுங்கள். உலர்ந்த வேப்பிலையும் வசம்புத் துண்டும் பூச்சியைத் தடுக்க நம் முன்னோர் கையாண்டவை. அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் விலக்கி வைத்தால் கரையான் ஏறுவதை எளிதில் கண்டுகொள்ளலாம்.

வைத்துக்கொள்ள இடமில்லையெனில், எறிவதற்கு முன் உங்கள் பங்குத் தந்தையிடம் காட்டுங்கள். கொடைக்கானல் மலையில் செண்பகனூரில் சேசு சபையாரின் ஆவணக் காப்பகம் உண்டு. சென்னையில் ரோஜா முத்தையா ஆய்வு நூலகம் உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகம் பழைய நூல்களை மின்படிகளாக்கி யாவரும் படிக்கத் தருகிறது. கையில் கைப்பேசி வைத்திருக்கும் இளைஞர்கள் உள்ளட்டைப் பெயர்களைப் படமெடுத்து வைத்தாலே அது பெரும் பணியாகும். அந்த வசதி நம் இளமையில் இருந்திருந்தால், நாற்பது பெயர்களில் ஒன்றும் தவறியிராது.

மீண்டும் அந்த வாசலில்

சமயநல்லூர் வாசலில் நின்ற தராசு என்னவாயிற்று என்று வாசகர்கள் கேட்கலாம். நாளிதழ்களும் பாடநூல்களும் எடைபோடப்பட்டுப் போயின. வணிகர் நல்ல மனிதர். புத்தகத்தை அவரே பாட்டியிடம் நீட்டி, "இந்தாங்கம்மா, இது ஒங்க சொத்து" என்றார்.

பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. உள்ளட்டையை விரலால் தடவி, "மூத்தவன், அடுத்தது நான், அடுத்தவ சின்னதுலயே செத்துப்போனா" என்று வரிசை மாறாமல் சொன்னார். ஏழு பெயர்களையும் சொன்னார். அவற்றில் தம் பெயருக்கு எதிரே இருந்த பிறந்த நாளைப் பேரன் வாசித்துக் காட்டியபோது, தம் வயது என்னவென்று அன்றுதான் அவருக்குச் சரியாகத் தெரியவந்தது. அரசு அட்டையில் இருந்ததைவிட மூன்று வயது கூடுதல்!

கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் பின் ஒருநாள் மீண்டும் அவ்வீட்டுக்குச் சென்றோம். மாலை நேரம். பேரன் புத்தகத்தைத் துணியில் சுற்றி மடியில் வைத்து, தும்பிக்கை எழுத்தில் தடுக்கித் தடுக்கி ஒரு பழைய செபத்தை வாசித்துக்கொண்டிருந்தார். பாட்டி கண்களை மூடியவாறு கேட்டுக்கொண்டிருந்தார். பேரன் சொல்லைத் தவறாகப் படிக்கும்போதெல்லாம், எழுத்தறியாத அவரே திருத்திச் சொன்னார்.

விண்ணரசில் பயிற்சி பெற்ற மறைநூல் அறிஞர் தம் கருவூலத்திலிருந்து புதியவற்றையும் பழையவற்றையும் வெளிக்கொணரும் வீட்டுத் தலைவருக்கு ஒப்பாவார் என்று ஆண்டவர் நமக்குக் கற்பித்தார். அந்தக் கருவூலம் நம் வீட்டுப் பரண்மேல் இருக்கும் டிரங்குப் பெட்டியாகவும் இருக்கக்கூடும். இவ்வாண்டு வெள்ளையடிக்கும் முன் அதை ஒருமுறை திறந்து பாருங்கள். அதில் கண்டதை உங்கள் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.